ஏழு மாதத்து டியூட்டி

சூசையம்மா காக்கிக் கால்சட்டையின் மடிப்பில் அயன் பெட்டியை அழுத்தி இழுத்துக்கொண்டிருந்தபோது ஜயசேன வாசலில் வந்து நின்றார். அவள் புருஷன் மெல்வினோடு ஒரே பொலிஸ் ஸ்டேஷனில் சார்ஜன்டாக இருந்து, ஆறு மாதத்துக்கு முன் பென்ஷன் போனவர். நேற்றுக் காலையில் மெல்வினை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவரும் அவர்தான். உடுப்பை, உடல் வைத்திருந்த மலர்ச்சாலைக்குக் கொண்டுபோக அவளுடைய தம்பி அமல்ராஜ் பையோடு காத்திருந்தான்.

“நங்கி,” என்று எப்போதும்போலத் தங்கை முறை வைத்துச் சிங்களத்தில் கூப்பிட்டார். “யூனிபோம் போட ஏலாது.”

“ஏன்? டியூட்டியில தானே செத்தாரு?”

ஜயசேன அமல்ராஜைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

“மெல்வின் பென்ஷன் போயி ஏழு மாசம் நங்கி. உங்ககிட்ட சொல்ல வேணாம்னு எங்க கைய பிடிச்சி கேட்டாரு.”

அயன் பெட்டியைத் தூக்க அவளுக்குத் தோன்றவில்லை. துணி கருகும் வாசனை வந்ததும் அமல்ராஜ்தான் சுவிட்சை அணைத்தான்.

ஏழு மாதமாகச் சோறு கட்டிக் கொடுத்தாள். உடுப்பை அயன் பண்ணிப் பையில் வைத்தாள். ஸ்டேஷனில் போய் மாற்றிக்கொள்வதுதான் அவர் வழக்கம். சாயங்காலம் அது அழுக்கே படாமல் திரும்பி வந்தது. “இப்ப மேச வேலதான்” என்று அவர் சொன்னதை நம்பினாள்.

“அப்ப தெனமும் எங்க போனாரு?”

“பென்ஷன் போனவங்க வீட்டுக்கு. எங்க வீடுகளுக்கு. நான் மொத மாசம் விடியவே சப்பாத்து போட்டு கதவுகிட்ட குந்திக்கிட்டு இருந்தேன். பொஞ்சாதிய அதட்டினேன். மெல்வின்தான் வந்து, ‘மச்சான், இது ஸ்டேஷன் இல்ல, வீடு’ன்னு சொல்லிச் சொல்லி என்னைய பழக்கினாரு. சந்தைக்கு கூட்டிக்கிட்டு போனாரு, மெளகு நட வெச்சாரு. அடுத்த வருசம் போகப் போறவங்களையும் கூப்பிட்டு சொல்லிக் குடுத்தாரு. நேத்தும் என் தோட்டத்துல மெளகுக் கொடிய கட்டிக்கிட்டு இருக்கப்பதான் சாஞ்சாரு.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நாங்களும் கேட்டோம். ‘அடுத்த மாசம் சொல்றேன்’னு சொல்வாரு.”

அவள் கருகிய கால்சட்டையை மடித்து ஓரமாக வைத்தாள்.

“நீங்க கட்டிக் குடுக்கிற சோத்த நாங்களும் பங்கு போட்டு சாப்பிட்டோம்,” என்றார் ஜயசேன. “கருவாடு நல்லா இருக்கும் நங்கி.”

சூசையம்மா அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அலுமாரியைத் திறந்து, கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையை எடுத்துத் தம்பியிடம் கொடுத்தாள்.

மறுநாள் பின்னேரம் ஜெபம் முடிந்ததும் சவப்பெட்டியைத் தூக்க ஆறு பேர் முன்னால் வந்தார்கள். எல்லாரும் தலை நரைத்தவர்கள். ஜயசேனவைத் தவிர ஒருவரையும் அவளுக்குத் தெரியாது. ஆனால் எல்லாருக்கும் அவளைத் தெரிந்திருந்தது.

றப்பர் மரங்களுக்கிடையில் பாதை மழையில் வழுக்கியது. யாரும் சொல்லாமலே பன்னிரண்டு கால்களும் இடது, வலது என்று ஒன்றாக விழுந்தன. திருப்பத்தில் ஒருவருடைய செருப்பு வார் அறுந்தது. அவர் நிற்கவில்லை; செருப்பைச் சேற்றில் விட்டுவிட்டு, அடி பிசகாமல் போனார்.

பின்னால் வந்த சூசையம்மா அதைக் குனிந்து எடுத்து, சேற்றை முந்தானையால் துடைத்துக்கொண்டே நடந்தாள்.