பக்கத்து வீடு பற்றிய கேள்வி

பக்கத்து வீட்டு ஆடு போலெட்டின் கவுனைத் தின்ற காலையில்தான் வீட்டு வசதி ஆபீஸிலிருந்து ஜெரார் கணக்கெடுக்க வந்தான்.

மகள் சர்ச்சில் முதல் தடவையாகப் புதுநன்மை வாங்குவதற்காக மார்லென் தன் கையால் தைத்த வெள்ளைக் கவுன் அது. கஞ்சி போட்டுக் கொடியில் காயப்போட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். திரும்பி வந்தபோது கீழ்ப்பக்க லேஸில் பாதி இல்லை. ஆடு மீதியை மென்றுகொண்டே அவளை நிமிர்ந்து பார்த்தது. அவள் போட்ட கூச்சலில் அந்த வீட்டு வரிசை முழுவதும் வெளியே வந்துவிட்டது. ஆட்டுக்காரி கண்ணம்மாவும் வந்தாள். வந்தவள் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். "கொடியை இவ்வளவு தாழ்வாவா கட்டுவாங்க?" என்று கேட்டாள். அப்புறம் ஒருத்தி சொன்னது மற்றவள் காதில் விழவில்லை.

1963ஆம் வருஷம். ரோஸ் ஹில் ஊர் ஓரத்தில், மூன்று வருஷம் முன்பு அடித்த கரோல் புயலில் வீடு இழந்தவர்களுக்காக அரசாங்கம் கட்டிக்கொடுத்த குடியிருப்பு; சிதே என்பார்கள். ஒரே அளவில், ஒரே சாம்பல் நிறத்தில், இரண்டிரண்டாக ஒட்டிக் கட்டிய கான்கிரீட் வீடுகள். ஒட்டிய வீடுகளுக்கு நடுச்சுவர் ஒன்றுதான். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். இந்தப் பக்கம் மார்லென், பஸ் கண்டக்டரான அவள் கணவன் ரோபெர், மகள் போலெட். மார்லெனுக்குக் கடைத்தெருவில் தையல் கடை ஒன்றில் வேலை. அந்தப் பக்கம் கண்ணம்மா, ரோடு போடும் கூட்டத்தில் வேலை செய்யும் சின்னதம்பு, அவர்களுடைய மூன்று பெண்கள்.

மார்லெனின் முன்னோர்களும் தமிழர்கள்தான். ஞானஸ்நானம் வாங்கி எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. அக்கா, மாமா என்று நாலைந்து வார்த்தை மட்டும் அவள் நாக்கில் மிச்சம் இருந்தது. கண்ணம்மாவுக்குக் கோயில் பாட்டு அத்தனையும் மனப்பாடம்; ஆனால் சண்டை போட அவளுக்கும் தீவின் கிரியோல் பேச்சுதான் வந்தது. மனசு சரியாக இருக்கும் நாளில் மார்லென் அவளைக் "கண்ணம்மா அக்கா" என்பாள். கோபம் வந்தால் "மதாம் சின்னதம்பு".

ஆடு ஒரு சாக்குத்தான். சண்டைக்கு மூலகாரணம் சாக்கடை இல்லாதது. சிதே சரிவான நிலத்தில் இருந்தது. வீடுகளுக்குப் பின்னால் கால்வாய் வரும் என்று சொல்லி, கொஞ்ச தூரம் மண்ணைத் தோண்டிப் போட்டுவிட்டு ஆட்கள் போனவர்கள்தான், திரும்பி வரவில்லை. கண்ணம்மா வீட்டில் அரிசி களைந்த தண்ணீரும் குளித்த தண்ணீரும் நேராக மார்லெனின் பின்வாசலுக்கு வந்து குட்டையாக நின்றன. கொசு, நாற்றம், போலெட்டின் காலில் ஆறாத சொறி. வரிசைக்கு ஒரு குழாய். காலையில் கொஞ்ச நேரம் தண்ணீர் வரும், பிறகு காற்றுதான்.

ஜெரார் டை கட்டிய இளைஞன். வீடு வீடாகப் போய் மக்கள் திருப்தியாக இருக்கிறார்களா என்று கேட்டு வரச் சொல்லி அவனை அனுப்பியிருந்தார்கள். அந்த வருஷம் தேர்தல் வேறு இருந்தது. அவன் மரியாதையாகத்தான் கேட்டான்.

"தண்ணீர் வசதி திருப்தியா, மதாம்?"

"திருப்தி."

"சாக்கடை?"

மார்லென் குட்டையில் கால் படாமல் பாவாடையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தாள். "பரவாயில்லை" என்றாள்.

"திருப்தின்னு எழுதட்டுமா?"

"எழுதுங்க."

அவளுக்கு இதில் ஒரு பழைய பாடம் இருந்தது. புயலுக்குப் பிறகு பள்ளிக்கூட வகுப்பறைகளில் மாதக்கணக்கில் தங்கியிருந்தபோது ஓர் அதிகாரி வந்து, யாருக்காவது குறை உண்டா என்று கேட்டார். கை தூக்கிய குடும்பங்களை அடுத்த வாரமே லாரியில் ஏற்றி வேறு ஊர் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இடம் அதிகம் என்று காரணம் சொன்னார்கள். அது உண்மையாகவும் இருந்திருக்கலாம். ஆனால் மிச்சம் இருந்தவர்கள் அன்றைக்கே ஒன்று கற்றுக்கொண்டார்கள்: ஆபீஸ்காரர் கேட்டால் எல்லாம் திருப்தி.

பஸ், விளக்கு, குப்பை வண்டி, எல்லாம் திருப்தி என்று எழுதிக்கொண்டு ஜெரார் கடைசிக் கேள்விக்கு வந்தான். "அக்கம்பக்கத்தாரோடு வாழ்வது எப்படி இருக்கு? திருப்திதானே?"

இந்தக் கேள்விக்குப் பயப்பட வேண்டிய அவசியம் இருப்பதாக மார்லெனுக்குத் தோன்றவில்லை. "இல்லை!" என்றாள். "கொஞ்சமும் இல்லை. இதோ பாருங்க." கவுனைத் தூக்கிக் காட்டினாள். ஆடு, தண்ணீர், விடியற்காலைப் பாட்டு, எதையும் விடாமல் சொன்னாள். ஜெரார் எழுதிக்கொண்டான்.

அவள் கவுனின் கீழ்ப்பகுதியை வெட்டி, வேறு லேஸ் வைத்துத் தைத்தாள். போலெட் கொஞ்சம் குட்டையான கவுனில் புதுநன்மை வாங்கினாள். அந்த விஷயம் அதோடு முடிந்துவிட்டதாக மார்லென் நினைத்தாள்.

ஆனால் ஆடி மாதம் போல ஒருநாள் சின்னதம்பு கையில் ஒரு காகிதத்தோடு தன் வீட்டுக்கு வந்தான். தூரத்தில் குட்லண்ட்ஸ் பக்கத்தில் கட்டியிருக்கும் புதிய சிதேவுக்கு அவன் குடும்பத்தை மாற்றுகிறார்கள், மாதக் கடைசிக்குள் போக வேண்டும் என்று அதில் இருந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் மார்லெனுக்கு அழுகைச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. பாத்திரங்களை இறக்கி வைக்கும் சத்தம் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது.

"நீ கேட்டது கிடைச்சிருச்சு" என்றான் ரோபெர்.

"நான் இதைக் கேட்கலை."

"பக்கத்து வீடு வேண்டாம்னு சொன்னே இல்ல?"

"பிடிக்கலைன்னு சொன்னேன். வேண்டாம்னு எப்பச் சொன்னேன்?"

முதலில் அவளுக்கு ஒரு நிம்மதி வரத்தான் செய்தது. இனி ஆடு இல்லை, வெள்ளிக்கிழமை விடியலில் பாட்டு இல்லை. ஆனால் துணி மடித்துக்கொண்டே யோசித்தபோது நிம்மதி கரைந்துபோனது. அந்த வீடு காலியாக இருக்கப்போவதில்லை. அடுத்து வருகிறவர்களும் குளிப்பார்கள், அரிசி களைவார்கள். தண்ணீர் கீழேதான் ஓடும். சின்னதம்பு குட்லண்ட்ஸிலிருந்து தினமும் ரோஸ் ஹில்லுக்கு எப்படி வேலைக்கு வருவான்? அங்கேயே கரும்பு வெட்டத்தான் போக வேண்டும். காலையில் மார்லென் தையல் கடைக்கு ஓடும்போது போலெட்டைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போவது கண்ணம்மாவின் மூத்த பெண். எத்தனை சண்டை வந்தபோதும் அந்தப் பெண் ஒருநாள்கூட வராமல் இருந்ததில்லை.

மார்லென் பின்வாசல் வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போனாள். கண்ணம்மா தரையில் உட்கார்ந்து பாத்திரங்களை ஒரு சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்த ஆபீஸ் பையன் கேட்டப்போ உங்களைப் பத்தி நான்தான் மோசமா சொன்னேன்" என்றாள் மார்லென். உட்காரவில்லை.

கண்ணம்மா கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள். "தெரியும். சுவர் வழியா கேட்டுச்சு."

"கேட்டுமா ஒண்ணும் சொல்லலை?"

"அடுத்ததா என் வீட்டுக்குத்தானே வந்தான். நானும் உன்னைப் பத்தி அப்படித்தான் சொன்னேன்." அடுத்த பாத்திரத்தைச் சாக்கில் வைத்தபடி, "உன்னைவிட அதிகமா சொன்னேன்" என்றாள்.

"அப்புறம் ஏன் என்னை அனுப்பலை?"

"உன்கிட்ட ஆடு இல்லையே."

இருவரும் சிரிக்கவில்லை. ஆனால் மார்லென் உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமை இருவரும் தலைநகர் போர்ட் லூயி போகும் பஸ்ஸில் ஏறினார்கள். ரோபெரின் வண்டிதான். பக்கத்துப் பக்கத்தில் உட்காரும் அளவுக்கு இன்னும் சமாதானம் ஆகாததால் ஒருத்தி முன்னாலும் ஒருத்தி பின்னாலும் உட்கார்ந்தார்கள். ரோபெர் இருவருக்கும் தனித்தனியாக டிக்கெட் கிழித்துக் கொடுத்தான்.

ஆபீஸில் வெகுநேரம் காத்திருந்த பிறகு மிஸ்யே அந்துவான் என்ற பெரிய அதிகாரி அவர்களைக் கூப்பிட்டார். கடுகடுப்பானவர் அல்ல. நாற்காலி காட்டினார்.

"உங்க சிதேயில கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் ஒரே பதில்" என்றார். "தண்ணீர், சாக்கடை, பஸ் எல்லாம் திருப்தி. அக்கம்பக்கம் மட்டும் திருப்தி இல்லை. அப்படின்னா வசதியில குறை இல்லை, ஒத்துப்போகாதவங்களை ஒரே இடத்தில வச்சிட்டோம். அதனாலதான் ஆடு மாடு வச்சிருக்கிறவங்களை வேற இடத்துக்கு மாத்துறோம். குட்லண்ட்ஸ்ல நிலம் தாராளமா இருக்கு. உங்களுக்கு நல்லதுதானே, மதாம்?"

"ஆட்டுக்கு நல்லது" என்றாள் கண்ணம்மா. "என் வீட்டுக்காரருக்கு வேலை இங்கே இருக்கு."

மார்லென் குறுக்கே புகுந்தாள். "மிஸ்யே, தண்ணி திருப்தின்னு நான் சொன்னது பொய். சாக்கடையே கிடையாது. இல்லாததுக்குத் திருப்தின்னு எழுதச் சொன்னேன்."

அந்துவான் பேனாவைக் கீழே வைத்தார். "அது பொய்னா, இந்த மதாமைப் பத்திச் சொன்னதும் பொய்யா?"

கண்ணம்மா திரும்பி அவளைப் பார்த்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மார்லெனுக்கு அது வாய் வரைக்கும் வந்தது. ஆனால் ஏற்கெனவே சொன்ன ஒரு பொய்தான் இவ்வளவு தூரம் இழுத்து வந்திருக்கிறது.

"இல்லை, அது நிஜம்" என்றாள். "அவங்க மேல எனக்குத் திருப்தி இல்லைதான். என் கூடப்பிறந்த தங்கச்சி மேலேயும் எனக்குத் திருப்தி இல்லை. அதுக்காக அவளை வேற ஊருக்கு அனுப்பிடுவீங்களா? நாங்க கேக்குறது கால்வாய். அது இருந்தா எங்க சண்டையில பாதி குறையும். மீதியை நாங்களே போட்டுக்குறோம்."

அந்துவான் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நீங்க சொன்னதைத்தானே மதாம் நாங்க நம்பினோம்" என்றார். ஒரு வீட்டுக்காக உத்தரவை மாற்ற முடியாது என்றும், சனிக்கிழமை ஜெரார் மறுபடி வருவான், எல்லாரும் சேர்ந்து நின்று உள்ளதைச் சொல்லட்டும் என்றும் சொல்லி அனுப்பினார்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். ஒரே இருக்கைதான் காலியாக இருந்தது. வேறு வழியில்லாமல் சேர்ந்து உட்கார்ந்தார்கள்.

அந்த வாரம் முழுக்க இருவரும் வீடு வீடாகப் போனார்கள். கதவுகள் திறந்தன, வாய்கள் திறக்கவில்லை. மேல் வரிசையில் இருந்த இவெட், வகுப்பறையில் மார்லெனுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தவள். கை தூக்கியதால் லாரியில் போனவர்களில் அவளுடைய அண்ணனும் ஒருவன்.

"நீங்க பேசுங்க. நான் வரமாட்டேன்" என்றாள்.

"வாயை மூடிக்கிட்டிருந்தோம், அப்பவும் லாரி வரப்போகுதே" என்றாள் மார்லென். "பேசிட்டாவது போகலாம்."

இவெட் கதவைச் சாத்திவிட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் குழாயடியில் எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் கூடினார்கள். ஜெரார் ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்று முதல் கேள்வியை வாசித்தான்: "தண்ணீர் வசதி திருப்தியா?" ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். மார்லென் "இல்லை" என்றாள். அவள் குரல் தனியாக ஒலித்து அடங்கியது. சின்னதம்பு தொண்டையைக் கனைத்து "இல்லை" என்றான். மற்றவர்கள் தரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து இவெட் வந்தாள். யாரிடமும் எதுவும் சொல்லாமல் குழாயிடம் போய் அதைத் திருகித் திறந்தாள். புஸ்ஸென்று காற்று வந்தது. அவள் மூடாமல் அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றாள். ஜெரார் கையிலிருந்த தாளோடு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றான்.

அதற்குப் பிறகு அவனால் எழுதி முடிக்க முடியவில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சாக்கடை, விளக்கில்லாத மேல் தெரு, சிதே வரைக்கும் வராமல் கடையோடு திரும்பிவிடும் பஸ். அக்கம்பக்கம் பற்றிய கடைசிக் கேள்வியை ஜெரார் கேட்கவே இல்லை. நேரமாகிவிட்டது என்று தாளை மடித்துக்கொண்டு போனான்.

கண்ணம்மா குடும்பத்தின் மாற்றல் நின்றது. அதே காகிதம் வந்திருந்த ஆல்பெர் குடும்பத்தார் மட்டும், மனைவியின் சொந்தக்காரர்கள் குட்லண்ட்ஸில் இருந்ததால், தாங்களாகவே போனார்கள். தேர்தலுக்கு முன்னால் இன்னொரு குழாய் வந்தது. கால்வாய்க்கு ஆபீஸ் சிமென்ட்டும் மணலும் மட்டும் அனுப்பியது, ஆட்களை அனுப்பவில்லை. சின்னதம்புவுக்குத் தெரிந்த வேலை என்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் முன்னால் நின்று ஆண்களை வைத்துத் தோண்டினான். சர்ச்சுக்குப் பூசைக்குப் போய்வந்த கையோடு ரோபெரும் மண்வெட்டி எடுத்தான். மார்லென் வீட்டுப் பின்வாசல் காய்ந்தது. போலெட்டின் காலும் ஆறியது.

ஜனவரியில் பெருமழை வந்தது. மேல் வரிசைத் தண்ணீர் முழுவதும் கால்வாய் வழியாக ஒழுங்காக ஓடி, கால்வாய் முடிந்த இடத்தில், கீழ் வரிசை வீடுகளுக்குள் புகுந்தது.

மழை விட்டதும் கீழ் வரிசை ஜோசெட் முழங்கால் வரை சேற்றோடு மேலே ஏறி வந்தாள். மார்லெனின் வாசலில் நின்று, உங்கள் அழுக்கையெல்லாம் எங்கள் வீட்டுக்குள் அனுப்பிவிட்டீர்கள் என்று கத்தினாள். மார்லென் பதிலுக்குக் கத்த வாயைத் திறந்தாள். அதற்குள் சத்தம் கேட்டுக் கண்ணம்மா வெளியே வந்துவிட்டாள். ஜோசெட்டின் காலைப் பார்த்தாள்.

"முதல்ல காலைக் கழுவு, தண்ணி தரேன்" என்றாள். "திங்கட்கிழமை காலையில பஸ்ஸுக்கு வந்துடு. நாங்க ரெண்டு பேரும் கூட வரோம்."