கால் இல்லாத எழுத்துகள்

மன்னர் செத்து நாற்பது நாளாகியிருந்தது. செத்தார் என்று வாய் தவறிச் சொன்னால் முதுகுத்தோல் உரியும். அடிவானத்துக்குப் போய்விட்டார் என்றுதான் சொல்லவேண்டும். அப்படிப் போனவர் அதே சமயம் ஆற்றங்கரைக் கூடாரத்தில், குடல் எடுக்கப்பட்டு, உப்புக்குள் கருவாடாகக் காய்ந்துகொண்டும் இருந்தார். இன்னும் முப்பது நாளில் பிரமிடுக்குள் குடியேற வேண்டும். அதற்குள் உள்ளறைச் சுவர்கள் முழுக்க, அவரை வானத்துக்கு ஏற்றிவிடும் மந்திரங்களை வெட்டி முடித்தாக வேண்டும்.

வெட்டுகிறவர்களில் ஒருவன் மெஹு. அவனுடைய மகள் மெரித்தும் இந்த வெள்ளக்காலத்தில்தான் காய்ச்சலில் போனாள். ஏழு வயது. அவளுக்கு உப்பும் இல்லை, கூடாரமும் இல்லை. பாலைவன ஓரத்தில் ஒரு குழி, ஒரு பானை, இரண்டு ரொட்டி. முழங்காலை மார்போடு மடக்கிப் படுக்கவைத்து மணலைத் தள்ளினான். கடைசிவரை மூடாமல் நின்றவை அவள் பாதங்கள்தான். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து ஓட மட்டுமே செய்த பாதங்கள்.

பெயர் எங்காவது எழுதப்பட்டிருந்தால்தான் செத்தவர் இருப்பார். பெயரும் போனால் இரண்டாவது முறை சாவு. மன்னர் பெயரை இந்த ஓர் அறையில் மட்டும் மெஹு நூற்றுக்கும் மேல் வெட்டியிருந்தான். மெரித்தின் பெயர் உலகத்தில் எங்குமே இல்லை.

"ஒரே ஒரு இடம் குடு செனி," என்று கெஞ்சினான். சுவரில் சிவப்பு மையால் எழுத்துகளை முதலில் வரைந்து கொடுப்பவன் செனி. அவன் வரைந்ததன் மேல்தான் மெஹுவின் உளி போகும்.

"ஏம்ப்பா, ராஜா ஏறிப்போற ஏணியில உம் பொண்ணையும் தொத்தவிடச் சொல்றியா?"

"ஓரமா நிப்பா. எவ்வளவு எடம் அடைச்சிருவா?"

செனி விளக்குத் திரியைத் தூண்டிவிட்டான். பிறகு மூலையில், தரையை ஒட்டிய கடைசி வரியில், நான்கு எழுத்தை வரைந்தான். அது பெண்ணின் பெயர் என்று காட்ட, முடிவில் ஒரு சிறுமியின் உருவம் வரவேண்டும். தலை, கழுத்து, இரண்டு கை. அங்கேயே தூரிகையை எடுத்துவிட்டான்.

"காலு?"

"தெரியாத மாதிரி கேக்காதே. இந்த அறையில எதுக்குக் காலு இருக்கு?"

எதற்கும் இல்லை. அறையை அடைத்தபின் சுவரிலுள்ள உருவங்களுக்கு உயிர் வந்துவிடும், மன்னரைக் கடிக்கும், அவர் ரொட்டியைத் தின்னும் என்று மேலிடத்தில் பயந்தார்கள். அதனால் சிங்கத்தை இடுப்போடு இரண்டாக வெட்டவேண்டும். பாம்புக்கு நடுவில் இடைவெளி விடவேண்டும். மனிதர்களுக்கு மார்புக்குக் கீழே ஒன்றும் கூடாது.

"சாமிங்களையே புடிச்சு அண்டாவுல வேகவெச்சுத் திங்கப்போறாராம் இவரு," என்றான் செனி. "அந்தச் சுவர்ல அந்த மந்திரத்தை நாந்தான் எழுதினேன். அப்பேர்ப்பட்ட ஆளுக்கு ஒரு விரியன் பாம்புப் படத்தைப் பாத்தா ஒண்ணுக்கு வருது. நீ பேசாம காலை விட்டுடு, மெஹு."

மெஹு விடவில்லை. பெயரை வெட்டினான். உருவத்தை வெட்டினான். மை இல்லாத வெறும் கல்லில், தன் மனசிலிருந்து, இரண்டு கால்களையும் வெட்டினான். ஒன்று முன்னால், ஒன்று பின்னால். ஓடுகிற கால்கள்.

நான்காம் நாள் உஸெர்கா சோதனைக்கு வந்தார். மன்னரின் எல்லாக் கட்டட வேலைகளுக்கும் தலைவர், ரகசியங்களின் காவலர், மன்னரின் ஒரே நண்பர். அந்தத் தலைநகரில் மன்னருக்கு ஒரே நண்பர்கள் முப்பது பேர் இருந்தார்கள். அறைக்குள் வரும் வழியின் உயரம் ஓர் ஆளின் இடுப்பளவுதான். பட்டங்களுக்கென்று தனியாக உயரம் வைத்துக் கட்டவில்லை. ரகசியங்களின் காவலர் நான்கு காலில் தவழ்ந்து, முட்டி சிராய்த்து, பொய்முடி ஒரு பக்கம் சரிய உள்ளே வந்து விழுந்தார். படிக்கத் தெரிந்தவர்தான். ஆனால் படிப்பது சின்ன ஆட்களின் வேலை என்பதால் சுவரில் கால்களை மட்டும் தேடினார்.

மூலைக்கு வந்ததும் விளக்கைத் தாழ்த்தினார்.

"இது என்னடா?"

மெஹு உளியை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். செனிதான் சமாளித்தான்: "கை தவறிடுச்சுங்க ஐயா. நாள் பூரா வெட்டுறான், கண்ணு சொருகிடுது."

"கை தவறிச்சா? நாளைக்கு இது எந்திரிச்சு ஓடியாந்து மகாராஜா மூக்கைத் திருகினா நீ வந்து தடுப்பியா? இந்த வரியையே மொத்தமா மூடிடட்டுமா?"

"வேணாங்கய்யா!" மெஹுவின் குரல் கல்லில் மோதித் திரும்பியது. "வரி மந்திரத்தோட வரிங்க. காலை மட்டும் மூடிடறேன்."

"மூடு. நான் பாக்கணும்."

மெஹு சுண்ணத்தைக் குழைத்தான். தளர்வாகக் குழைத்தால் சில வருஷத்தில் உதிர்ந்துவிடும், கால் திரும்பி வந்துவிடும் என்று ஒரு நினைப்பு ஓடியது. ஆனால் இருபது வருஷத் தொழில். கை யாரையும் கேட்கவில்லை, நன்றாகவே குழைத்துவிட்டது. கட்டைவிரலால் முன்காலை அழுத்தி மூடினான். பிறகு பின்காலை. பாதம்தான் கடைசி. மணலைத் தள்ளியபோதும் இதே வரிசை.

உஸெர்கா விளக்கைக் கிட்டே பிடித்துப் பார்த்தார். "இப்ப சரி. ராஜா காரியம்னா இப்படித்தான் சுத்தமா இருக்கணும்," என்று பாராட்டிவிட்டு, மறுபடி நான்கு காலில் வெளியேறினார்.

பொழுது சாய மெஹு வீட்டுக்கு வந்தான். அவன் மனைவி ஹெதெபெத் வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மகளின் பெயரைச் சுவரில் சேர்க்கச் சொல்லி அவனை முதலில் நச்சரித்தவளே அவள்தான்.

"எழுதிட்டீங்களா?"

"எழுதியாச்சு."

"யாரும் பாக்கலையே?"

"பாத்தாங்க. அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டாங்க."

அவள் கையை ஆடையில் துடைத்துக்கொண்டாள். "உருவத்தோடயா?"

"ம்."

"உக்காந்திருக்காளா, நிக்கிறாளா?"

மெஹு தன் கட்டைவிரலைப் பார்த்தான். நகக்கண்ணில் சுண்ணம் வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

"ஓடுறா," என்றான்.

மகள் போனபிறகு ஹெதெபெத் முதல்முறையாகச் சிரித்தாள். எழுந்து உள்ளே போய், பாய்க்கு அடியிலிருந்து எதையோ எடுத்துவந்தாள். நாணலில் பின்னிய சின்னச் செருப்பு. குழியில் வைக்க மனசு வராமல் அன்றைக்கு ஒளித்துவைத்தது.

"வெறுங்காலோட ஓடுவாளே, வானத்துல என்ன முள்ளு இருக்கோ. நாளைக்குக் குழிக்கிட்ட வெச்சுட்டு வந்துடறேன். எடுத்துக்குவா இல்ல?"

"எடுத்துக்குவா," என்றான் மெஹு.

செருப்பின் வார் ஒன்று நைந்திருந்தது. அதை வாங்கி மடியில் வைத்து, புது நாணல் கிழித்துக் கட்ட ஆரம்பித்தான்.