அக்கா மகன் தலை

சந்திர வருடத்தின் முதல் மாதம் பிறந்தாலே முடிதிருத்துபவர் சூய் பாவ்தியெனுக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த மாதத்தில் முடி வெட்டினால் வெட்டிக்கொண்டவனின் தாய்மாமன் செத்துப்போவான் என்று எவனோ ஒரு புண்ணியவான் கிளப்பிவிட்டுப் போய்விட்டான். புத்தாண்டுக்கு முந்தைய நாள் வாசல்வரை வரிசைகட்டி நின்ற ஊர், இப்போது கடைப்பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. இனி இரண்டாம் மாதம் இரண்டாம் தேதி, டிராகன் தலைதூக்கும் நாளில்தான் வருவார்கள். அதுவும் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து உயிரை வாங்குவார்கள்.

"ஊர்ல இருக்கற மாமனுங்க உயிரெல்லாம் என் கத்தரிக்கோல்லயா தொங்குது?" என்று எதிரே ஆவியில் வேகவைத்த பன் விற்பவளிடம் கத்தினார்.

"எங்கிட்ட ஏன் கத்துறீங்க? என் தம்பி ஏற்கெனவே நோஞ்சான். என் பையனை நான் அனுப்பமாட்டேன்பா."

அப்போதுதான் அக்கா மகன் யுஹாங் வந்து நாற்காலியில் சாய்ந்தான். முடி கண்ணை மறைத்தது. தெற்கே தொழிற்சாலையில் வேலை பார்த்தவன், அது மூடப்பட்டதும் புத்தாண்டு இரவில்தான் ஊர் வந்து சேர்ந்திருந்தான்.

"வெட்டுங்க மாமா. நாளைக்கு சிங்தாவ்ல ஹோட்டல் சமையல் வேலைக்கு இன்டர்வியூ. இந்தத் தலையோட போனா வாசல்லயே தொரத்திடுவாங்க."

பாவ்தியென் எடுத்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். வேறு எவன் வந்தாலும் வெட்டியிருப்பார். எவன் மாமன் எப்படிப் போனால் இவருக்கென்ன? ஆனால் இவனுக்கு இருக்கும் ஒரே தாய்மாமன் இவர்தான்.

"இன்னும் குளிர் விடலைடா. வசந்தம் தொடங்கறப்ப தலையைத் தொறந்துபோட்டா காத்து உள்ள போயிடும். கொஞ்சம் இஞ்சித் தண்ணி குடிக்கிறியா?"

"நேத்து சாப்பிடறப்ப இதெல்லாம் மூடநம்பிக்கைன்னு மேஜையைத் தட்டினது யாரு மாமா?"

"தட்டினேன். இப்ப யாரு இல்லேன்னது?" துடைத்த சீப்பையே மறுபடி துடைத்தார்.

போன் அடித்தது. அக்கா.

"பாவ்தியென், அவன் தலையில கை வச்சே, கையை ஒடிச்சிடுவேன்! எனக்கு இருக்கறது ஒரே தம்பி!"

"அப்ப என் வேலை போனா பரவாயில்லையாம்மா?" என்று கூவிய யுஹாங் எரிச்சலோடு எழுந்தான். "விடுங்க மாமா. முனையில புதுசா சலூன் வச்சிருக்கானே, அங்க போறேன். அவன் யாருக்கும் மாமா இல்ல."

"அந்த மஞ்சத் தலையன்கிட்டயா? கிருதாவை ஏணிப்படி மாதிரி வெட்டறவன்!" பாவ்தியென் அலறினார். "அங்க வெட்டினாலும் சாகப்போறது நான்தானேடா! அவன் குதறின தலைக்காகவா நான் சாகணும்? உக்காரு!"

போனை அணைத்து இழுப்பறைக்குள் போட்டார். வாழ்நாளில் எந்தத் தலைக்கும் அவ்வளவு நிதானமாக அவர் வெட்டியதில்லை. வெட்டி முடித்ததும் கழுத்தில் ஒட்டிய முடியைத் தட்டிவிட்டார். "இதுக்கு மேல அந்த வேலை கிடைக்கலேன்னா இங்க வராதே" என்று துரத்திவிட்டார்.

மறுநாள் விடியும்போது கடைக் கதவை யாரோ இடித்தார்கள். பின்கட்டில் படுத்திருந்தவர் திட்டிக்கொண்டே வந்து திறந்தார். மூச்சு வாங்க யுஹாங் நின்றான்.

"இன்னும் நீ பஸ் ஏறலையா?"

"போற வழியில..."

"பஸ் ஸ்டாண்டு அந்தக் கோடியில இருக்குடா, மடையா!"

"ராத்திரி முழுக்க நீங்க போனே எடுக்கலை." அவன் முகம் வெளுத்திருந்தது.

பாவ்தியெனுக்கு ஆத்திரம் பொங்கியது. நம்பிக்கை இல்லை என்று வாய்கிழியப் பேசிய குடும்பம்! கோட்டை மாட்டிக்கொண்டு மின்சார ஸ்கூட்டரை இழுத்தார். "ஏறு. பஸ்ஸை விட்டேன்னா நானே உன்னைக் கொன்னுடுவேன்."

தெருவில் உருகிய பனி மறுபடி இறுகிக் கண்ணாடியாய்க் கிடந்தது. அவர் வேகத்தைக் கூட்டினார். பின்னாலிருந்து இரண்டு கைகள் அவர் இடுப்பை இறுகப் பிடித்தன.

"மெதுவாப் போங்க மாமா. இந்த மாசம் முடியற வரைக்குமாவது மெதுவாப் போங்க."