அத்தைக்குச் சொன்ன செய்தி

பஸ் டெப்போவில் டயர் மாட்டுகிறவனை அங்கே எல்லோரும் 'பதக்கம்' என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வயதில் ஒற்றைப் பையோடு இந்த நாட்டில் வந்து இறங்கியவன். பட்டாளத்தில் நாலு வருஷம் இருந்தால் குடியுரிமை என்றார்கள், சேர்ந்தான். எரிகிற வண்டிக்குள் இரண்டு முறை புகுந்து இரண்டு பேரை வெளியே இழுத்துப் போட்டதற்காக நெஞ்சில் பதக்கம் குத்தினார்கள். இடது காது அன்றைக்கே போய்விட்டது.

அந்த வண்டிக்குள் மூன்றாவதாக ஒருவன் இருந்தான். அவன் அலறியது வலது காதில் நன்றாகவே கேட்டது. இவனுக்குக் கால் நகரவில்லை. அதை யாரும் கேட்கவில்லை; இவனும் சொல்லவில்லை. அந்த மூன்றாமவன் வீட்டுக்குப் போன கடிதத்தில், வலியே தெரியாமல் நொடியில் உயிர் பிரிந்தது என்று எழுதியிருந்தார்கள்.

பட்டாளத்தை விட்ட பிறகு மனைவியை வரவழைத்துக்கொண்டான். பின்னாலேயே மாமியாரும் மச்சினனும் வந்து சேர்ந்தார்கள். மூன்றாவது மாடியில் இரண்டே அறை. மச்சினன் ஓர் ஆலையின் குளிர் கிடங்கில் பெட்டி அடுக்கினான், விரலெல்லாம் வெடிப்பு. குடியுரிமைக்கு மனு போட்டு மூன்று வருஷமாகியும் பதிலே இல்லை. ஒருநாள் சாப்பிடும்போது வாயைத் திறந்தான்.

"அத்தான், நானும் பட்டாளத்துல சேர்ந்திடட்டுமா?"

மாமியார் கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள். மாப்பிள்ளை சொல்வதுதான் அவளுக்கு வேதவாக்கு.

"நாலு வருஷம்தானே? கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள ஓடிடும். என்னைப் பாரு, முழுசா வந்து சேரலையா?"

"ஒரு காதை விட்டுட்டுல்ல வந்தீங்க!"

"அதுவும் நல்லதுக்குத்தான். உங்கக்கா பேசுறதுல பாதி விழாது."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அந்த மூன்றாமவனைப் பற்றிச் சொல்வதென்றால் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்ததைச் சோற்றோடு சேர்த்து விழுங்கினான்.

மச்சினன் பட்டாளத்துக்குப் போய்ப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. ஒரு காலை, பட்டாள அலுவலகத்திலிருந்து டெப்போவுக்குப் போன் வந்தது. இவன் ஊர் மொழி தெரிந்தவர்கள் அங்கே குறைவு. இதற்கு முன்பும் இரண்டு வீடுகளுக்குச் சாவுச் செய்தியை மொழிபெயர்க்க இவன் போயிருக்கிறான்.

"ஒரு அம்மாவுக்குச் செய்தி சொல்லணும். வண்டி அனுப்புறோம்" என்றார்கள்.

கிரீஸ் கையைக் கழுவிக்கொண்டு ஏறினான். வண்டி அவன் தெருவுக்குள் திரும்பியது. அவன் வாசலிலேயே நின்றது.

"ஐயா, இது என் வீடு."

அதிகாரி சின்ன வயதுக்காரர். கையிலிருந்த தாளைப் பார்த்தார், இவனைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"வேற ஆளைக் கூப்பிடட்டுமா?"

"வேண்டாம். நானே சொல்றேன்."

மனைவி வேலைக்குப் போயிருந்தாள். கதவைத் திறந்த மாமியார் சீருடையைப் பார்த்ததும் நிலையைப் பிடித்துக்கொண்டாள். அதிகாரி ஒவ்வொரு வரியாகப் படித்தார். இவன் ஒவ்வொரு வரியாகச் சொன்னான். யாரோ ஒருத்தியிடம் பேசுவதுபோல 'உங்க மகன்', 'உங்க மகன்' என்றே சொல்லிக்கொண்டு போனான். கடைசி வரி வந்தது.

"வலியே தெரியாம, நொடியில உயிர் போயிடுச்சாம்."

மாமியார் அழவில்லை.

"அவர் சொல்றது இருக்கட்டும். நீங்க அதையெல்லாம் கண்ணால பார்த்தவரு. இது நிஜமா மாப்பிள்ளை?"

தலையை ஆட்டினால் போதும். வந்தவர் போய்விடுவார், அவளும் மனதைத் தேற்றிக்கொள்வாள். அவனால் ஆட்ட முடியவில்லை.

"தெரியாது அத்தை. எல்லா வீட்டுலயும் இதைத்தான் சொல்லுவாங்க."

திறந்த வாய் அதோடு நிற்கவில்லை. எரிந்த வண்டி, உள்ளே கிடந்தவன், அவன் போட்ட கூச்சல், நகராத கால் என்று அத்தனையையும் நின்ற இடத்திலேயே கொட்டிவிட்டான். முடிந்த பிறகு அவள் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"இதை எதுக்கு இப்ப என்கிட்ட சொல்றீங்க? அன்னைக்கே அவன்கிட்ட சொல்லியிருந்தா போயிருப்பானா?"

"என்ன சொல்றாங்க?" என்றார் அதிகாரி.

"நேர்ல வந்து சொன்னதுக்கு நன்றியாம்" என்றான்.

எட்டாம் நாள் சவப்பெட்டி வந்தது. அடக்கத்துக்குப் பதக்கத்தைக் குத்திக்கொண்டு வரச் சொன்னார்கள். அவன் டெப்போ சட்டையிலேயே போனான். அதற்குள் மனைவிக்கும் எல்லாம் தெரிந்துவிட்டிருந்தது. குழிக்கு அந்தப் பக்கம் தாயைத் தாங்கிப் பிடித்தபடி நின்றவள், கடைசிவரை இந்தப் பக்கம் திரும்பவில்லை.

அந்த மாதம் முடிவதற்குள் தாயும் மகளும் சலவைக் கடைக்கு மேலே ஓர் அறை பார்த்துக்கொண்டு கிளம்பினார்கள். மூன்று மாடிப் படியிலும் அவர்கள் மூட்டைகளை இவன்தான் தூக்கி இறக்கினான். வேண்டாம் என்று அவர்கள் தடுக்கவுமில்லை. கடைசி மூட்டையை வண்டியில் வைத்த பிறகு போய்வருகிறோம் என்று சொல்லவுமில்லை.