உடைந்த ஜாடிக்கு மூடி

அண்ணனின் பழம்பொருள் கடையில் பொட்டலம் கட்டுவது தங்கச்சியின் வேலை. ஒன்பது வருஷத்தில் கடல் தாண்டிப் போனவை எத்தனையோ. ஒரு கிண்ணத்தின் விளிம்புகூடப் பெயர்ந்ததில்லை. அந்தக் கர்வம் அவளுக்கு உண்டு. இருக்கக் கூடாதா என்ன?

அதில்தான் மண்ணைப் போட்டான் ஜாடி வாங்கிய ஒரு வெளிநாட்டுக்காரன். நீலப் பீங்கான் ஜாடி சுக்குநூறாக வந்து சேர்ந்ததாம். நாலு சில்லுகளைப் படம் பிடித்து அனுப்பியிருந்தான். அண்ணன் மறுபேச்சில்லாமல் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

"கொஞ்ச நாள் உங்க அண்ணி கட்டட்டும். நீ தூசி தட்டு" என்றான்.

"ஜாடி வயித்துக்குள்ள பஞ்சு அடைச்சு அனுப்பினேனே. படத்துல ஒரு துணுக்குப் பஞ்சைக் காணோமே அண்ணே?"

"பறந்திருக்கும். விடும்மா."

விடுவாளா அவள்? வயிறு எரிந்தது. அண்ணி ஒட்டுநாடாவைக் கோணல்மாணலாக இழுத்து ஒட்டுவதைப் பார்க்கப் பார்க்க இன்னும் எரிந்தது. சில்லுகளைத் திருப்பி அனுப்பும்படி அவளே கடிதம் எழுதினாள். எல்லாவற்றையும் குப்பையில் போட்டுவிட்டதாகப் பதில் வந்தது.

கூடவே ஜாடியின் மூடியைப் பற்றி ஒரு கோரிக்கையும் வந்தது. மூடியும் ஜாடியும் ஒரே பெட்டியில் போகக் கூடாது, ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும் என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். ஜாடி முதலில் போகும், அது போய்ச் சேர்ந்த பிறகுதான் மூடி போகும். அவசரக்குடுக்கை அதற்குள் புகார் எழுதிவிட்டான். மூடி இன்னும் கடை அலமாரியில்தான் இருந்தது. இப்போது அண்ணன் கடிதத்தைச் சத்தமாகப் படித்தான்: தன் மனக்கஷ்டத்துக்கு ஈடாக மூடியை இலவசமாக அனுப்ப வேண்டுமாம். விளிம்பில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

"உடைஞ்சு குப்பைக்குப் போன ஜாடிக்கு எதுக்கு அண்ணே மூடி?"

அண்ணனின் முகம் சுண்டிப்போனது. கடிதத்தை மறுபடி படித்தான். "வேற எதையோ உடைச்சுப் படம் பிடிச்சு என்னை மடையனாக்கிட்டான். கடல் தாண்டிப் போயா அவனைப் பிடிக்க முடியும்?"

"எதுக்குப் பிடிக்கணும்? கேட்டதைக் கொடுத்துடுவோம்."

மூடியைத் துணியில் சுற்றித் தரையில் வைத்துச் சுத்தியலை எடுத்தாள். மூடியின் உச்சியில் சிறகு விரித்த குருவியை நினைத்து ஒரு கணம் கை தயங்கியது. பாவம், குருவி என்ன செய்தது. பிறகு ஓங்கி ஒரே போடாகப் போட்டாள். அண்ணன் தடுக்கவில்லை.

பத்தொன்பது துண்டுகள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பஞ்சில் பொதிந்து, காகிதம் சுற்றி, பெட்டிக்குள் பெட்டி வைத்துக் கட்டினாள். அத்தனை அக்கறையாக அவள் எதையும் கட்டியதில்லை.

மூன்று வாரத்தில் அவன் குய்யோ முறையோ என்று எழுதினான். மூடி உடைந்து வந்துவிட்டதாம், ஜாடி மொட்டையாக நிற்கிறதாம். ஆத்திரத்தில் அதையும் அவனே எழுதிவிட்டான்.

"பதில் எழுதுண்ணே" என்றாள். "எங்க பொட்டலத்துல எதுவும் உடையாது. உடைச்சுத்தான் அனுப்பினோம். பத்தொன்பதும் பத்திரமா வந்துச்சான்னு எண்ணிப் பாக்கச் சொல்லு."