பதினொரு பேர்

"வாசி" என்றார் அண்ணன்.

தங்கை மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நான்காவது முறையாக ஆரம்பித்தாள். "நடக்காதவை. ஒன்று. சந்தைத் தெருச் சாக்கடைக்கு இன்னும் மூடி போடவில்லை. சிமெண்டுப் பலகைகள் வந்து இறங்கிவிட்டன. வேலையாட்கள் வரவில்லை."

"எத்தனை பலகை?"

"இப்ப அது ரொம்ப முக்கியமா?"

"எண்ணிக்கையைப் போடு குட்டி. இல்லேன்னா அடுத்த மாசத்துக்குள்ள பாதிக்குக் கால் முளைச்சிடும்."

நேற்று மருந்து வாங்கப் போன வழியில் அவள் எண்ணி வைத்திருந்தாள். நாற்பத்திரண்டு. எழுதிக்கொண்டாள். ஐம்பத்தெட்டு வயதில் அவளைக் குட்டி என்று கூப்பிட உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் மிச்சம். அந்த ஆள் மூக்கில் குழாயோடு, மூன்று வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருந்தார்.

வீட்டின் முன்னறைதான் தொகுதி அலுவலகம். சுவரோரம் நான்கு இரும்பு அலமாரி, நடுவில் மேசை, மனு கொடுக்க வருகிறவர்களுக்கு ஆறு நாற்காலி. இப்போது நாற்காலிகளை நகர்த்திவிட்டு நடுவில் கட்டில் போட்டிருந்தது. மாடி அறைக்குப் போகலாம் என்று அவர் மகன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். அண்ணன் மசியவில்லை.

பதினாறு வருடமாகச் சட்டமன்ற உறுப்பினர். சபையில் அவர் பேசியது யாருக்கும் ஞாபகம் இருக்காது. தொகுதியில் அவருக்குப் பெயர் கடிதக்காரர். மாதம் பிறந்தால் வீட்டுக்கு வீடு ஒரு தாள் வந்துவிடும். முன்பக்கம் நடக்காதவை, பின்பக்கம் நடந்தவை. பக்கத்தை மாற்றிப் போடும்படி கட்சிக்காரர்கள் கெஞ்சாத நாள் இல்லை. "நல்லதைத் தாளைத் திருப்பிப் பார்த்துக்கட்டும். கெட்டது முதல்ல கண்ணுல படட்டும்" என்பார். இன்னொரு பிடிவாதமும் உண்டு. தன் கண்ணால் பார்க்காத எதையும் பின்பக்கத்தில் எழுத மாட்டார். குழாயில் தண்ணீர் வருகிறது என்று எழுத வேண்டுமானால் அந்தக் குழாயடியில் போய்க் கையை நீட்டிவிட்டு வர வேண்டும். ஒருமுறை, விட்டு விட்டு எரிந்த ஒரு தெருவிளக்கை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது என்று தெரியாமல் கடிதமே இரண்டு நாள் தாமதமானது. எதிர்க்கட்சிக்காரர்கள் சிரித்தார்கள். ஆனால் அவர்கள் வீட்டுப் பெண்களும் அந்தத் தாளைத்தான் நம்பினார்கள்.

வழக்கமாக மாதக் கடைசியில் எழுதும் கடிதத்தை இந்த மாதம் பத்தாம் தேதியே ஆரம்பித்திருந்தார். ஏன் என்று அவள் கேட்கவில்லை. இன்றோ நாளையோ என்று மருத்துவர் நேற்று வாசற்படியில் நின்று சொன்னது அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும்.

"பஸ்ஸைப் பத்தி எழுதணும்" என்றார்.

அவள் பேனாவை மூடித் திறந்தாள். "அதான் போன மாசமே எழுதியாச்சே."

"வரும்னு எழுதியாச்சு. ஓடுதான்னு எழுத வேண்டாமா?"

போன மாதம் அவர் மருத்துவமனையில் இருந்தார். கடிதத்தை அவள்தான் எழுதினாள். மேட்டுக் குடியிருப்புக்கு இரண்டு வருடமாக நின்றுபோயிருந்த காலை ஏழு மணிப் பேருந்து ஒன்றாம் தேதியிலிருந்து மறுபடியும் ஓடும் என்று போக்குவரத்து அதிகாரி போனில் சொன்னார். "நூத்துக்கு நூறு உறுதிம்மா, தைரியமாப் போடுங்க." அவளும் போட்டாள். அதுவும் பின்பக்கத்தில், நடந்தவை என்ற தலைப்புக்குக் கீழே, முதல் செய்தியாக. அண்ணன் நோயில் கிடக்கும் மாதத்தில் ஒரு நல்ல சேதியாவது பெரிதாக இருக்கட்டும் என்ற ஆசைதான். மூன்றாம் தேதி அதிகாரி மறுபடி கூப்பிட்டார். ஓட்டுநர் பற்றாக்குறையாம், கொஞ்சம் பொறுக்கணுமாம். அண்ணன் வீட்டுக்கு வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள். அண்ணன் வந்தபோது கூடவே ஆக்சிஜன் உருளையும் வந்தது.

"ஓடுதுல்ல?" என்றார்.

"ஓடுது."

"நீ போய்ப் பார்த்தியா?"

"பார்க்காம இருப்பேனா?"

"எத்தனை பேர் ஏறினாங்க?"

"பதினொரு பேர்." வாய் கூசாமல் வந்துவிட்டது. பத்து என்றால் சந்தேகப்படுவார் என்றுகூட மனம் கணக்குப் போட்டிருந்ததை நினைத்து அவளுக்கே தன் மேல் அருவருப்பாக இருந்தது.

"கைக்குழந்தையைச் சேர்த்தா, சேர்க்காமலா?"

"சேர்க்காம. குழந்தை ஒண்ணு தனி."

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் ஒரு நிறைவு. இரண்டு வருடமாக அந்தப் பேருந்துக்காக ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கியவர். "பதினொண்ணு. முதல் பத்து நாளைக்கு அது ஜாஸ்தி. எழுதிக்கோ."

எழுதிக்கொண்டாள். மேட்டுக் குடியிருப்புக்கு ஏழு மணிப் பேருந்து ஓடுகிறது. பதினொரு பேர் ஏறுகிறார்கள்.

"கொஞ்சம் தண்ணி கொடு" என்றார். இரண்டு கரண்டி உள்ளே போனது. மூன்றாவது உதட்டோரம் வழிந்தது. துடைத்துவிட்டு, "மிச்சத்தை வாசிக்கவா?" என்றாள். தலை அசைந்த மாதிரி இருந்தது. நூலகம் திறக்கும் நேரத்தை வாசித்தாள். சுகாதார நிலையத்துக்கு மருத்துவர் வராத நாட்களை வாசித்தாள். கீழத் தெருவின் மூன்று விளக்குகளை வாசித்துவிட்டு, எண்ணிக்கை சரியா என்று அவர் கேட்கவில்லையே என்று நிமிர்ந்தாள்.

எந்த வரியில் போனார் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. கடியாரம் பதினொன்றரை காட்டியது. அவள் தாளை மேசையில் வைத்து, அது பறக்காமல் இருக்க மேலே பேனாவையும் வைத்துவிட்டு, உள்ளே போய் அண்ணன் மகனை எழுப்பினாள். இரவெல்லாம் அவன்தான் கண் விழித்திருந்தான்.

மதியத்துக்குள் தெரு நிறைந்துவிட்டது. கட்சிச் செயலாளர் வந்தார். உடலருகே கைகூப்பி நின்றுவிட்டுத் திரும்பியவர் கண்ணில் மேசை மேலிருந்த தாள் பட்டது. படித்தார். அவருக்குக் கண் கலங்கியது நடிப்பு இல்லை.

"அக்கா, சாகிற நாள்ல கூட ஜனங்களுக்கு எழுதியிருக்காரே. இதை அச்சடிச்சு நாளைக்கு எல்லாருக்கும் கொடுக்கணும். ஒரு எழுத்தை மாத்தக் கூடாது."

அப்போது அவள் வாயைத் திறந்திருக்கலாம். சுற்றிலும் இருபது பேர் நின்றார்கள். அண்ணன் மகன், "ஆமா அத்தை, அப்பா சந்தோஷப்படுவார்" என்றான். ஒரு மணி நேரத்தில் தாள் அச்சகத்துக்குப் போய்விட்டது.

மறுநாள் காலை எட்டரைக்கு இடுகாட்டில் எல்லாம் முடிந்தது. கூட்டம் வெளியே வரும் வாசலில் செயலாளர் கட்டுக் கட்டாகக் கடிதத்தை வைத்துக்கொண்டு, வருகிற ஒவ்வொருவர் கையிலும் ஒன்றைக் கொடுத்துக்கொண்டிருந்தார். வாங்கியவர்கள் நடந்துகொண்டே படித்தார்கள். சிலர் மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்கள். தங்கை கடைசியாக வந்தாள்.

வெளியே போகும் கூட்டத்துக்கு எதிராகச் சிலர் உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். ஏழெட்டுப் பெண்கள், நாலைந்து ஆண்கள், ஒரு வயதானவர். செருப்பெல்லாம் புழுதி. முன்னால் வந்தவளைத் தங்கைக்குத் தெரியும். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. பேருந்துக்காக முதல் மனு எழுதிக்கொண்டு வந்தவளே அவள்தான்.

"முடிஞ்சிடுச்சா?" என்றாள்.

"இப்பத்தான்."

சலவைக்கூடத்துப் பெண் வாசல் தூணில் கையை ஊன்றி மூச்சு வாங்கினாள். "கொஞ்சம் முன்னாடி கிளம்பியிருக்கலாம். இன்னிக்காவது பஸ் வந்துடும்னு ஏழு மணி வரைக்கும் நின்னுட்டோம். முகத்தைக் கூடப் பார்க்க முடியல."

"இன்னிக்காவதுன்னா?"

"ஒண்ணாந் தேதியிலேர்ந்து தினமும் நிக்கிறோம்ல. வரல. அப்புறம் நடந்துடுவோம். கடிதத்துல போட்டிருந்துச்சே, அதனால எப்படியும் வந்துடும்னு தெரியும். கொஞ்சம் முன்னபின்ன ஆகுதுன்னு நினைச்சோம்." குறை சொல்லும் தொனி எதுவும் அதில் இல்லை. மழை தாமதமாவதைப் பற்றிப் பேசுவது போலத்தான் சொன்னாள்.

அதற்குள் செயலாளர் அவள் கையிலும் ஒரு தாளைக் கொடுத்திருந்தார். சலவைக்கூடத்துப் பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தாளைத் திருப்பினாள். பின்பக்கம்.

தங்கை அவளைப் படிக்க விடவில்லை. தாளை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். பிறகு செயலாளரிடம் போய் அவர் கையிலிருந்த கட்டையும் வாங்கிக்கொண்டாள்.

"அக்கா, என்ன பண்றீங்க? ஐயாவோட கடைசி வார்த்தை அது!"

"கடைசியா அவர் கேட்டது தண்ணி. வேணும்னா அதை அச்சடிச்சுக் கொடுங்க."

துக்கத்தில் ஏதோ ஆகிவிட்டது என்று செயலாளர் நினைத்திருப்பார். அண்ணன் மகன் ஓடி வந்து அவள் தோளைப் பிடித்தான். அவள் கையைத் தட்டிவிட்டு, சலவைக்கூடத்துப் பெண்ணின் எதிரில் போய் நின்றாள். சுற்றி இருபது முப்பது பேர் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது.

"போன மாசக் கடிதம் நான் எழுதினது. அவர் எழுதல. ஆஸ்பத்திரியில இருந்தார். யாரோ போன்ல சொன்னதைக் கேட்டு, பார்க்காம எழுதிட்டேன். வராதுன்னு மூணாந் தேதியே எனக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்லல."

பின்னால் நின்ற வயதானவர் இருமினார்.

"அப்ப அவர் பார்க்கலையா?" என்றாள் சலவைக்கூடத்துப் பெண்.

"இல்ல."

"அதானே பார்த்தேன்." அவள் முகம் தெளிந்தது. திரும்பித் தன் ஆட்களிடம் சொன்னாள். "அவர் எழுதலையாம். அவர் எழுதியிருந்தா வந்திருக்கும்."

அவர்கள் தலையாட்டினார்கள். பிறகு ஒவ்வொருவராக உள்ளே, புது மண் குவிந்திருந்த இடத்தைப் பார்க்கப் போனார்கள். தங்கை கடிதக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

சாயந்திரம் முன்னறையில் கட்டிலை எடுத்துவிட்டு ஆறு நாற்காலியையும் பழையபடி போட்டாள். மேசை முன் உட்கார்ந்து எழுதினாள். நடக்காதவை. ஒன்று. மேட்டுக் குடியிருப்புக்குப் பேருந்து வரவில்லை. ஓடும் என்று போன மாதம் எழுதியவள் நான், உறுப்பினர் அல்ல. பதினொரு பேர் ஏறுவதாக அவரிடம் பொய் சொன்னவளும் நானே. அந்தப் பேருந்துக்காக அங்கே தினமும் காத்திருப்பவர்கள்.

அதற்கு மேல் பேனா நகரவில்லை. எத்தனை பேர் என்று அவளுக்குத் தெரியாது. போன் போட்டுக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். அவள் பேனாவை மூடினாள்.

காலை ஆறே முக்காலுக்கு அண்ணன் மகனின் கார் மேட்டுக் குடியிருப்பில் அவளை இறக்கிவிட்டது.

"இங்கேயே நிக்கிறேன் அத்தை. எண்ணிட்டு வாங்க, சேர்ந்து போயிடலாம்."

"நீ கிளம்பு. நான் வந்துக்கிறேன்."

"எதுல?"

"பஸ்லதான்."

அவன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் காரைத் திருப்பினான்.

நிறுத்தம் என்றால் ஒரு இரும்புக் கம்பமும் ஒரு சிமெண்டுப் பலகையும்தான். சாப்பாட்டுப் பையும் தண்ணீர் பாட்டிலுமாக ஆட்கள் நின்றிருந்தார்கள். அவள் நேற்று சொன்னது எல்லார் காதுக்கும் எட்டியிருந்தது. இருந்தும் வந்திருந்தார்கள். பழக்கம் போலிருக்கிறது. ஒரு பெண் தள்ளி உட்கார்ந்து பலகையில் இடம் விட்டாள். அவள் உட்காரவில்லை. உதட்டை அசைத்து ஒவ்வொரு தலையாக எண்ணினாள்.

"எத்தனை வருது?" என்றாள் சலவைக்கூடத்துப் பெண்.

"பத்தொன்பது."

"அதோ ஒருத்தர் சட்டையை மாட்டிக்கிட்டே ஓடி வரார். சேர்த்துக்குங்க."

இருபது. ஏழு மணி ஆனது. எல்லாரும் ஒரே திசையில், கீழே சாலை வளையும் இடத்தைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். வராது என்று அங்கிருந்தவர்களில் அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆனாலும் ஏதோ ஓட்டுநர் கிடைத்து, ஏதோ அதிகாரி மனம் மாறி, இன்றைக்கு மட்டும் அது வந்துவிடக் கூடாதா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஒரு பால் வண்டி வந்தது. ஒரு சைக்கிள் வந்தது.

ஏழேகாலுக்கு, யாரும் எதுவும் சொல்லாமலே, நடக்க ஆரம்பித்தார்கள். அவளும் சேர்ந்துகொண்டாள். இறக்கம்தான், ஆனால் சரளைக் கல். முன்னால் போனவர்கள் பேசிச் சிரித்துக்கொண்டு போனார்கள். சலவைக்கூடத்துப் பெண் மட்டும் நடையைக் குறைத்து அவளோடு வந்தாள்.

"கடைசியில ரொம்பக் கஷ்டப்பட்டாரா?"

"இல்ல." கொஞ்ச தூரம் போன பிறகு சொன்னாள். "பஸ் ஓடுதுன்னு நினைச்சுக்கிட்டே போயிட்டார்."

இரண்டு வளைவு தாண்டும்வரை இருவரின் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சலவைக்கூடத்துப் பெண் கையை நீட்டி, தங்கையின் தோளிலிருந்த பையைக் கழற்றி, தன் சாப்பாட்டுப் பைக்கு மேலே மாட்டிக்கொண்டு நடந்தாள்.