வெட்டல் இல்லாத வருஷம்

யார் யார் இருந்தோம் என்று பார்த்தால், நான், என் மனைவி, அவள் தம்பி, பிரிட்ஜைத் தூக்க வந்த இரண்டு பேர், அதில் ஒருவர் தோளில் பட்டை மாட்டியிருந்ததால் மனதுக்குள் பட்டைக்காரர் என்று பேர் வைத்துவிட்டேன், இன்னொருவர் வாயே திறக்கவில்லை, அப்புறம் வெக்கை பட்டால் கெட்டுவிடும் என்று தெர்மக்கோல் பெட்டிக்குள் ஐஸுக்கு நடுவே மூன்று டப்பா ஃபிலிம்... ஃபிலிமை ஆளோடு ஆளாக எண்ணுகிறேன், எண்ணினால் என்ன, இந்த வீட்டில் அதற்குத்தான் முதல் மரியாதை என்று அவளே சொல்லியிருக்கிறாள், முட்டை வைக்க இடமில்லை, பால் வைக்க இடமில்லை, கதவைத் திறந்தால் உன் டப்பாதான் முறைக்குது என்று. பிரிட்ஜ் அவள் சம்பளத்தில் வாங்கியது. அவளுக்கு வேறு ஊருக்கு மாற்றல், பிரிட்ஜும் போகிறது, நான் போகவில்லை. மாற்றல் வந்துவிட்டது என்று அவள் வீட்டில் சொல்லியிருக்கிறாள், கேட்கிறவர்களிடம் நானும் அதையே சொல்கிறேன், அவளே எழுதிக் கேட்டு வாங்கிய மாற்றல் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அதற்காகச் சண்டைகூடப் போடவில்லை. சண்டை போட ஒரு சூடு வேண்டுமே, அச்சகத்தில் ராத்திரி ஷிஃப்டை விட்ட நாளிலிருந்து எனக்கு அது எதிலும் இல்லை, பகலில் தூங்கிப் பழகிய உடம்பு, பகலில் நடப்பதெல்லாம் அடுத்த வீட்டு டிவி மாதிரிதான் கேட்கிறது.

எல்லாம் கட்டி முடிந்த பிறகு, மணிக்கட்டில் வளையல் மாதிரி பேக்கிங் டேப்போடு வந்து நின்றாள். "போறதுக்கு முன்னாடி என்னை ஒண்ணு எடு. அந்தப் பெரிய கேமராவுல." வேடிக்கைதான், கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அதில் அவளை ஒரு படம்கூட எடுத்ததில்லை, தண்ணித் தொட்டியை எடுத்திருக்கிறேன், மூடிக் கிடந்த கடையின் ஷட்டரை எடுத்திருக்கிறேன், அவளை மட்டும் நல்ல வெளிச்சம் வரட்டும், வரட்டும் என்று... அந்தக் கேமராவில் ஒரு படத்துக்கு ஒரு தாள், பள்ளிக்கூடத்துச் சிலேட்டு அகலத்துக்கு ஒரு தாள் ஃபிலிம், எடுத்தால் போனதுதான், ஒன்றுக்குப் பத்தாகச் சுட்டுத் தள்ள முடியாது. சரி என்றேன். நிஜமாகவே எடுக்கத்தான் நினைத்தேன், அதையும் சொல்லிவிட வேண்டும், குளியலறையை இருட்டாக்கி ஒரு தாளை ஹோல்டரில் போட்டுவரலாம் என்று ஒரு டப்பாவைக் கையில்கூட எடுத்தேன். அப்போதுதான் ஃபிலிம் கடைக்காரரிடமிருந்து செய்தி வந்தது. உங்க சைஸ் இந்த வருஷம் வெட்டல. ஆர்டர் சேரலையாம். அடுத்த வருஷமும் உறுதி இல்லங்கறாங்க. இருக்கறதப் பத்திரமா வெச்சுக்கங்க. தொழிற்சாலையில் ஃபிலிம் அகலமான சுருளாக வரும், என் அளவுக்கு வெட்ட இயந்திரத்தைத் தனியாகத் திருத்தி வைக்க வேண்டும், உலகம் பூராவும் என்னைப் போன்ற கிறுக்கர்கள் கேட்பதைச் சேர்த்து வருஷத்துக்கு ஒரு தடவை வெட்டுவார்கள், கிறுக்கர்கள் குறைந்தால் வெட்டல் இல்லை, அவ்வளவுதான் கணக்கு. டப்பாவைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தேன். மூடி சரியாக மூடியிருக்கிறதா என்று இரண்டு தடவை அழுத்திப் பார்த்தேன். பூதம் புதையலைக் காத்த மாதிரி என்பார்களே, அந்தப் பூதத்துக்காவது புதையல் என்ன விலை போகும் என்று தெரிந்திருக்கும்...

அலமாரியிலிருந்து ஒரு ஹோல்டரை எடுத்தேன். ஹோல்டர் என்பது ஃபிலிமை வெளிச்சம் படாமல் வைத்துக்கொள்ளும் தட்டையான சட்டம், முன்னால் ஒரு கறுப்புத் தகடு, பின்னால் ஒரு கறுப்புத் தகடு, உள்ளே தாள் இருக்கிறதா இல்லையா என்று வெளியே இருந்து கண்டுபிடிக்க முடியாது. அடுக்கில் அடியில் இருப்பதில் மட்டும் இரண்டு பக்கமும் ஃபிலிம், எப்போதோ ஒரு சுவருக்காகப் போட்டு வைத்தது, மேலே இருப்பதெல்லாம் காலி, அதுதான் என் வழக்கம். மேலே இருந்ததை எடுத்தேன். தெரிந்தே எடுத்தேன். ஃபிலிம் சரியில்லை, பழசாகிப் படம் புகை மூடின மாதிரி ஆகிவிட்டது என்று அப்புறம் போனில் சொல்லிக்கொள்ளலாம், அவளும் ஓ அப்படியா என்பாள், பழகிய பதில்தானே. ஜன்னல் பக்கம் நாற்காலியில் உட்காரச் சொன்னேன். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன், கேமராவின் பின்பக்கக் கண்ணாடியில் அவள் தலைகீழாகத் தொங்கினாள், தெளிவாக, ஒரு பக்கப் புருவத்தில் சின்ன வெட்டுத் தழும்பு, இது எப்போதிருந்து இருக்கிறது, கேட்டதில்லை. துணிக்கு வெளியே பட்டைக்காரர், "இவ்ளோ பெருசா இருக்கு, உள்ள ஆள் உக்காந்து வரையறாங்களா?" என்றார். மச்சினன் சிரித்தான். "மாமா, போன்ல எடுத்தா இந்நேரம் ஊருக்கே அனுப்பியிருக்கலாம்." அவள்தான், "டேய், சும்மா இரு, அசைஞ்சா கெட்டுப்போயிடும்" என்றாள். காலி ஹோல்டருக்கு முன்னால் அசையாமல் இருக்கத் தம்பியை அதட்டுகிறாள். ஹோல்டரைச் செருகினேன், தகட்டை உருவினேன், மூச்சை அடக்கச் சொன்னேன், நாலு எண்ணினேன். அந்த நாலு எண்ணிக்கையும் அவள் லென்ஸைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். தகட்டைத் திருப்பிப் போட்டேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஒரு தாள் மிச்சம் என்று மட்டும்...

பிரிட்ஜைச் சாய்த்தார்கள், பட்டை இறுகியது, வாயே திறக்காதவர் முதல்தடவையாக "பாத்துண்ணே" என்றார், மச்சினன் படியில் முன்னால் இறங்கி வழி சொன்னான். பிரிட்ஜ் இருந்த இடத்தில் சதுரமாக அழுக்கு. அவள் அதைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள், "இதை மட்டும் துடைக்க முடியல. உன் அலமாரியெல்லாம் நேத்தே துடைச்சுட்டேன், அந்தப் பலகைங்களையும் எடுத்துத் துடைச்சு அடுக்கி வெச்சிருக்கேன், நான் போனா யாரு செய்யப்போறா." பலகை என்று அவள் சொல்வது ஹோல்டரை. அடியில் இருந்தது மேலே வந்திருக்கலாம். வராமலும் இருக்கலாம். கையில் இருந்த ஹோல்டரைப் பார்த்தேன், தூக்கிப் பார்த்தேன், ஒரு தாளின் எடை கைக்கு எங்கே தெரியும். அவள் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "நல்லா வந்திருக்குமா?"

"தெரியாது."

"கழுவினாத்தான் தெரியும். அது சரி."

"அது இல்ல. உள்ள ஃபிலிம் இருந்துச்சான்னே தெரியாது. காலின்னு நினைச்சுத்தான் எடுத்தேன். நீ மாத்தி அடுக்கிட்ட. இருந்தாலும் இருக்கும்."

ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை, பொய்யைத் தயாராக வைத்திருந்தும். அவள் கோபப்படவில்லை, புருவம் மட்டும் ஒரு தடவை ஏறி இறங்கியது. "வெறும் பெட்டி முன்னாடியா மூச்சை அடக்கி உக்கார வெச்ச?" என்றாள், அப்புறம் கொஞ்சம் யோசித்து, "அப்போ உள்ள ஃபிலிம் இருந்துச்சுன்னா, அது நான் எடுத்த படம்" என்றாள். கீழே இருந்து தம்பி, "அக்கா, வண்டி நிக்குது" என்று கத்தினான். "இருந்தா அனுப்பு. இல்லன்னா ஒண்ணும் சொல்லாத" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

கண்டுபிடிப்பது பெரிய வேலையில்லை, இருட்டில் தகட்டை உருவி ஒரு விரலை உள்ளே விட்டால் போதும், தாள் இருந்தால் ஓரத்தில் அடையாளத்துக்கு வெட்டியிருக்கும் குறி தட்டுப்படும். இருக்க வேண்டும் என்று நினைக்கிறேனா, இருக்கக் கூடாது என்று நினைக்கிறேனா... இருந்தால் ஒரு தாள் செலவு, இனி வெட்டல் இல்லாத வருஷத்தில் ஒரு தாள், இல்லையென்றால் மிச்சம், மிச்சம் எதற்கு, எந்தச் சுவருக்கு, எந்தத் தண்ணித் தொட்டிக்கு... இது அந்த ஹோல்டராகவே இருந்தால் மறுபக்கத்துத் தாள் இன்னும் கெடாமல் இருக்கும் என்று உடனே ஒரு கணக்கு ஓடியது, அவள் இரண்டாவது மாடியைக்கூடத் தாண்டவில்லை, அதற்குள் ஓடியது, அது ஓடுவதை நானே பக்கத்தில் நின்று பார்க்கிற மாதிரி இருந்தது. படிக்கட்டிலிருந்து வெக்கைக் காற்று உள்ளே வந்தது, தெர்மக்கோல் பெட்டி வாசலுக்கு நேராகத்தான் இருந்தது. அவள் செருப்புச் சத்தம் இன்னும் படியில் இருக்கும்போதே கதவைச் சாத்திப் பூட்டினேன்.